கணவன் மனைவி பெயரில் இருக்கும் வீட்டை குவிட்கிளெய்ம் பத்திரம் மூலம் மாற்றுவது எப்படி: அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் கலிபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் இருக்கிறார். 2013-ல் அவரும் கணவரும் வீடு வாங்கியபோது அக்காவுக்கு எச்-4 விசா, வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குக் கொடுப்பது. வேலைக்குப் போக முடியாது, கிரெடிட் ஸ்கோரும் கிடையாது, அதனால் வீட்டுக் கடன் கணவர் பெயரில் மட்டும். வீடு வாங்கும் காகிதங்களில் கையெழுத்துப் போடும் குளோசிங் அன்று சாயங்காலம் நோட்டரி அவர்கள் குடியிருந்த அபார்ட்மென்ட்டுக்கே வந்து, சாப்பாட்டு மேசையில் ஒரு கட்டுக் காகிதத்தை வைத்து, கணவரிடம் ஒவ்வொன்றாகக் கையெழுத்து வாங்கினார். கடைசியில் ஒரே ஒரு பக்கத்தை அக்கா பக்கம் நகர்த்தி, "இது பேங்க் கேட்கிறது, இதில் மட்டும் நீங்கள்" என்றார். அக்கா கையெழுத்துப் போட்டார், நோட்டரியின் நோட்டில் வலது கைப் பெருவிரல் ரேகையும் வைத்தார். பத்து வருஷத்துக்குப் பிறகு டிரஸ்ட் (சொத்து கோர்ட்டுக்குப் போகாமல் வாரிசுக்குப் போக எழுதிவைக்கும் ஏற்பாடு) எழுத ஒரு வக்கீலிடம் போனபோதுதான், அந்த வீட்டில் அவருக்குப் பெயரே இல்லை என்பது தெரிந்தது. கையெழுத்துப் போட்ட அந்த ஒரு பக்கம்தான் குவிட்கிளெய்ம் பத்திரம்.

இதை எழுத உட்கார்ந்ததற்கு அக்காதான் காரணம். நான் வக்கீல் இல்லை, ஆனால் என் வீட்டுக்கு இரண்டு முறை பத்திரம் எழுதிப் பதிவு செய்திருக்கிறேன், நண்பர்கள் சிலருக்குக் கூடவே இருந்து உதவியிருக்கிறேன். பத்திரம் எழுதுவது அரை மணி நேர வேலை. எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு எழுதுவதுதான் கஷ்டம், அதனால் அந்தப் பகுதிகளில் நிறையப் பேசப் போகிறேன்.

இது என்ன பத்திரம்?

ஊரில் அண்ணன் தம்பிகள் பூர்வீக வீட்டில் தங்கள் பங்கை ஒருவருக்கு விட்டுக்கொடுக்க விடுதலைப் பத்திரம் எழுதுவார்கள் அல்லவா, கிட்டத்தட்ட அதுதான் இது. "இந்தச் சொத்தில் எனக்கு என்ன உரிமை இருக்கிறதோ, இருந்தால், அதை உனக்கு விட்டுவிட்டேன்" என்று எழுதிக் கொடுப்பது. அந்த 'இருந்தால்' முக்கியம். சொத்து எனக்குத்தான் சொந்தம், வேறு வில்லங்கம் இல்லை என்று எழுதிக் கொடுப்பவர் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. வாரன்டி டீட் என்றால் முழு உத்தரவாதம் உண்டு, கலிபோர்னியாவில் புழங்கும் கிரான்ட் டீட் என்றால் கொஞ்சம் உத்தரவாதம் உண்டு, குவிட்கிளெய்மில் ஒன்றும் கிடையாது. முன்பின் தெரியாத ஒருவரிடம் வீடு வாங்கும்போது குவிட்கிளெய்ம் கொடுத்தால் வாங்கவே கூடாது. குடும்பத்துக்குள், வீட்டின் சரித்திரம் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில், அது போதும்.

ஊர் முறைக்கும் இங்கே உள்ள முறைக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. அங்கே சார் பதிவாளர் முன்னால் ஆட்கள் நேரில் போய் நிற்க வேண்டும், சாட்சி வேண்டும், போட்டோ எடுப்பார்கள். இங்கே கவுன்டி (ஊர் மாவட்டம் மாதிரி) ரெக்கார்டர் ஆபீஸ் என்கிற பதிவு அலுவலகத்துக்கு நீங்கள் போகவே வேண்டாம், தபாலில் அனுப்பலாம். ஆள் அடையாளத்தை நோட்டரிதான் பார்க்கிறார். ரெக்கார்டர் ஆபீஸ் பத்திரத்தின் வடிவம் சரியாக இருக்கிறதா, கட்டணம் வந்ததா என்று பார்க்கும், அவ்வளவுதான். உள்ளே எழுதியிருப்பது சரியா தப்பா என்று பார்க்காது. தப்பாக எழுதினால் தப்பாகவே பதிவாகிவிடும்.

முதல் படி: பழைய பத்திரத்தை எடுங்கள்

வீடு வாங்கியபோது பதிவான பத்திரத்தின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கவுன்டியில் சில டாலர் கட்டி வாங்கலாம். பேங்க் கொடுத்த கடன் காகிதமோ வரி ரசீதோ போதாது. அந்தப் பத்திரத்தில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது, யார் பெயரில், எந்த முறையில் இருக்கிறது என்பது. "ஜாயின்ட் டெனன்ட்ஸ்" என்றிருந்தால் ஒருவர் இறந்தால் மற்றவருக்குத் தானாக முழு வீடும் போகும். "டெனன்ட்ஸ் இன் காமன்" என்றால் அவரவர் பங்கு அவரவர் வாரிசுக்கு. கலிபோர்னியா, டெக்சாஸ், வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதித்தது இருவருக்கும் பொது, அதற்கு "கம்யூனிட்டி பிராப்பர்ட்டி" என்று பெயர். ஃப்ளோரிடா, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா போன்ற இடங்களில் "டெனன்சி பை தி என்டயரிட்டி" என்று கணவன் மனைவிக்கு மட்டுமே உரிய ஒரு முறை உண்டு. அதில் ஒருவர் மட்டும் தனியாகக் கையெழுத்துப் போட்டு வீட்டை யாருக்கும் கொடுத்துவிட முடியாது. கலிபோர்னியாவின் பொதுச் சொத்துக்கும், டெக்சாஸில் குடும்பம் குடியிருக்கும் வீட்டுக்கும் இதேதான்: வெளியாளுக்கு எழுதும்போது இருவர் கையெழுத்தும் வேண்டும், பத்திரத்தில் ஒருவர் பெயர் மட்டும் இருந்தாலும் கூட.

இரண்டாவது, பெயர் எழுதியிருக்கும் விதம். நம்மவர்களுக்குப் பெரிய தலைவலி இதுதான். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்து, விசாவில் முன்னால் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியவில்லை) என்று போட்டு, அதே பெயரில் வீடும் வாங்கியிருப்பார்கள். அப்புறம் கிரீன் கார்டு வரும்போது அப்பா பெயர் பின்னால் சேர்ந்திருக்கும், குடியுரிமை வாங்கும்போது அது கணவர் பெயராக மாறியிருக்கும். புதுப் பத்திரத்தில் இன்றைய பெயரை மட்டும் எழுதினால், பழைய பத்திரத்தில் இருக்கும் ஆளும் இவரும் ஒருவர்தானா என்ற சந்தேகம் என்றைக்காவது வீட்டை விற்கும் நாளில் வந்து நிற்கும். இன்றைய பெயரை எழுதி, "இன்ன பெயரில் இந்தச் சொத்தை வாங்கியவர்" என்று பழைய பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே சேர்த்துவிடுங்கள். இனிஷியலும் புள்ளியும்கூட மாறக்கூடாது.

மூன்றாவது, சொத்து விவரம். ஊரில் செக்குபந்தி எழுதுவது போல இங்கே லாட் எண், டிராக்ட் எண், எந்த வரைபடப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று இருக்கும். அதை அப்படியே நகலெடுக்க வேண்டும். வரி ரசீதில் இருப்பது சுருக்கம், அதைப் போடக் கூடாது, தெரு முகவரியும் போதாது. கான்டோவாக (அடுக்குமாடிக் குடியிருப்பில் சொந்த வீடு) இருந்தால் விவரம் ஒன்றரைப் பக்கம் கூடப் போகும், அப்போது பின்னிணைப்பாக வையுங்கள்.

இரண்டாவது படி: யாருக்கு, எதற்கு என்று முடிவு செய்யுங்கள்

கணவன் மனைவி பெயரில் இருக்கும் வீடு வேறு பெயருக்குப் போவது பெரும்பாலும் நான்கு காரணத்தால்: இருவரில் ஒருவர் பெயருக்கு, பிள்ளை பெயருக்கு, தங்கள் டிரஸ்ட்டுக்கு, எல்.எல்.சி. என்கிற தங்கள் நிறுவனத்துக்கு. நான்குக்கும் பத்திரம் ஒரே மாதிரி, விளைவுகள் வேறு வேறு.

*ஒருவர் பெயருக்கு, கடன் வாங்குவதற்காக.* அக்காவுக்கு நடந்தது இந்த வகை. பழைய கடனை அடைத்துப் புதுக் கடன் வாங்கும் ரீஃபைனான்ஸின்போதும் நிறைய நடக்கிறது: ஒருவருக்கு கிரெடிட் குறைவு, அவரை வெளியே எடுத்தால் வட்டி குறையும் என்பார்கள். கடன் முடிந்த மறுநாள் அவரைத் திரும்பப் பத்திரத்தில் சேர்க்க வேண்டும் என்று யாரும் நினைவுபடுத்துவதில்லை, கடன் கொடுப்பவருக்கு அது வேலையும் இல்லை. கடனில் பெயர் இல்லாமல் வீட்டில் மட்டும் பெயர் இருப்பது தாராளமாக முடியும். இது தெரியாமல்தான் பல பெண்கள் பத்து இருபது வருஷம் இருந்துவிடுகிறார்கள். கலிபோர்னியாவில் ஒருவர் உயில் எழுதாமல் இறந்து, வீடு அவருடைய தனிச்சொத்து என்று முடிவானால், இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்குதான் வரும், மற்றது பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தால் அவர்கள் பங்குக்குக் கோர்ட் தலையிட வேண்டியிருக்கும். கணவரை இழந்த ஒரு பெண் அந்த நேரத்தில் இதையும் சேர்த்துச் சுமக்க வேண்டுமா? சேர்ப்பது சுலபம். கணவர் எழுதிக் கொடுப்பவர், கணவர் மனைவி இருவரும் எழுதி வாங்குபவர்கள் என்று ஒரு பக்கப் பத்திரம், அவ்வளவுதான்.

*விவாகரத்தில் ஒருவர் பெயருக்கு.* இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பத்திரம் உரிமையை மாற்றும், கடனை மாற்றாது. என் பழைய டீமில் வேலை பார்த்த ஒருவர், பிரியும்போது சண்டை வேண்டாம் என்று வீட்டை மனைவி பெயருக்கு குவிட்கிளெய்ம் எழுதிக் கொடுத்துவிட்டார். கடன் இருவர் பெயரிலும் அப்படியே இருந்தது. இரண்டு வருஷம் கழித்து அவர் ஒரு சின்ன கான்டோ வாங்கப் போனபோது, இல்லாத வீட்டின் மாதத் தவணை முழுக்க அவர் கணக்கில் ஏறி நின்றது, கடன் கிடைக்கவில்லை. அந்தப் பெண்மணி ஒரு மாதம் தவணையைத் தாமதமாகக் கட்டியதும் இவர் கிரெடிட்டில்தான் விழுந்தது. இருவர் மேலும் எனக்குக் குறை இல்லை, யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

சரியான முறை இது: வீட்டை வைத்துக்கொள்பவர் தன் பெயரில் மட்டும் ரீஃபைனான்ஸ் செய்கிறார், மற்றவர் கையெழுத்திட்ட பத்திரம் எஸ்க்ரோவில், அதாவது நடுவில் பொறுப்பாக வைத்திருப்பவரிடம், இருக்கிறது, பழைய கடன் அடைபடும் அதே நாளில் பத்திரமும் பதிவாகிறது. பழைய கடன் 3 சதவீத வட்டியில் இருப்பதால் அதை விட மனசில்லை என்றால், பேங்க்கிடம் கடனை ஏற்றுக்கொள்ளும் முறை உண்டா என்று கேட்டு, வெளியே போகிறவருக்குப் பொறுப்பிலிருந்து விடுதலை என்று எழுத்தில் வாங்க வேண்டும். அது கையில் வராமல் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள்.

*பிள்ளை பெயருக்கு.* இதைப் பற்றி வரிப் பகுதியில் விரிவாகச் சொல்கிறேன். இப்போதைக்கு, அவசரப்படாதீர்கள்.

*டிரஸ்ட்டுக்கு.* லிவிங் டிரஸ்ட் எழுதினால் வீட்டையும் அதற்குள் மாற்றியாக வேண்டும். டிரஸ்ட் எழுத வக்கீலுக்கு ஆயிரக்கணக்கில் கட்டிவிட்டு, வீட்டை மாற்றும் பத்திரத்தைப் பதிவு செய்யாமல் ஃபைலில் வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி விட்ட வீடு, இறந்த பிறகு ப்ரோபேட் என்கிற கோர்ட் நடைமுறைக்குப் போக நேரலாம். கலிபோர்னியாவில் அதற்கான வக்கீல் கட்டணம் சட்டத்திலேயே இருக்கிறது: முதல் 1 லட்சம் டாலருக்கு 4 சதவீதம், அடுத்த 1 லட்சத்துக்கு 3, அடுத்த 8 லட்சத்துக்கு 2, அதற்கு மேல் 1. 15 லட்சம் டாலர் வீட்டுக்கு 28,000 டாலர், கடனைக் கழிக்காமல். உயிலை நிறைவேற்றுபவரும் அதே அளவு கேட்கலாம். எழுதி வாங்குபவர் என்ற இடத்தில் டிரஸ்ட் பெயரை மட்டும் போடாமல், "இன்ன தேதியிட்ட இன்ன டிரஸ்ட்டின் டிரஸ்டிகளாக இன்னின்னார்" என்று எழுதுங்கள்.

*எல்.எல்.சி.க்கு.* வாடகை வீடு வைத்திருப்பவர்கள் செய்வது. அடுத்த படியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது படி: கடனும் டைட்டில் இன்ஷூரன்ஸும்

வீட்டுக் கடன் ஒப்பந்தத்தில், உரிமை கை மாறினால் மொத்தக் கடனையும் உடனே கேட்கலாம் என்று ஒரு ஷரத்து இருக்கும். 1982-ல் வந்த கார்ன்–செயின்ட் ஜெர்மெய்ன் சட்டம் குடும்பத்துக்குள் நடக்கும் மாற்றங்களுக்கு விலக்குக் கொடுக்கிறது. ஐந்து குடியிருப்புக்குக் குறைவான வீடு என்றால், கணவனோ மனைவியோ பிள்ளையோ உரிமையாளராவது, விவாகரத்துத் தீர்ப்பால் மாறுவது, கடன் வாங்கியவரே பயனாளியாக இருக்கும் டிரஸ்ட்டுக்குப் போவது, இதற்கெல்லாம் பேங்க் அந்த ஷரத்தைப் பயன்படுத்த முடியாது. எல்.எல்.சி. அந்தப் பட்டியலில் இல்லை. அண்ணன், தம்பி, அக்கா, தங்கையும் இல்லை, கடன் வாங்கியவர் இறந்த பிறகு போனால் தவிர. எல்.எல்.சி.க்கு மாற்றுவதென்றால் பேங்க்கிடம் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் கேளுங்கள்.

வீட்டு உரிமையில் பழைய வில்லங்கம் கிளம்பினால் காக்கும் டைட்டில் இன்ஷூரன்ஸ் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. பழைய பாலிசிகள் பலவற்றில், நீங்கள் உரிமையாளராக இருக்கும் வரை அல்லது நீங்கள் கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொறுப்பாக இருக்கும் வரைதான் காப்பு. குவிட்கிளெய்மில் உத்தரவாதமே இல்லை, அதனால் எழுதிக் கொடுத்த அன்றோடு காப்பும் போகலாம். பாலிசியைப் படியுங்கள், டைட்டில் கம்பெனிக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். டிரஸ்ட்டுக்கு மாற்றும்போது பலர் குவிட்கிளெய்மை விட்டுவிட்டு கிரான்ட் டீட் போடுவதற்கு இதுதான் காரணம். நானும் என் வீட்டுக்கு அப்படித்தான் செய்தேன்.

நான்காவது படி: வரி

சொத்து கொடுத்தால் அன்பளிப்பு வரி வருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அமெரிக்கக் குடியுரிமை உள்ள கணவருக்கோ மனைவிக்கோ எவ்வளவு கொடுத்தாலும் வரி இல்லை. ஆனால் வாங்குபவர் குடியுரிமை பெறாதவர் என்றால், கிரீன் கார்டு இருந்தாலும் சரி, எச்-4-ல் இருந்தாலும் சரி, அந்த எல்லையற்ற விலக்கு கிடையாது. 2025-ல் வருஷத்துக்கு 1,90,000 டாலர் வரைதான். நம் குடும்பங்களில் பாதிப் பேர் இந்த நிலையில் இருக்கிறோம், அதனால் 15 லட்சம் டாலர் வீட்டில் ஒருவர் பங்கை மற்றவருக்கு எழுதும் முன் இதைக் கணக்குப் பாருங்கள். வேறு யாருக்காவது கொடுத்தால் 2025-ல் ஒருவருக்கு 19,000 டாலர் வரை கணக்கே காட்ட வேண்டாம், தாண்டினால் அடுத்த ஏப்ரல் 15-க்குள் 709-ம் படிவம் போட வேண்டும். இங்கேயே நிரந்தரமாக வாழ்பவர்களுக்குப் பெரும்பாலும் வரி கட்ட வேண்டி வராது, ஆயுள்கால விலக்கு 2025-ல் ஒருவருக்கு 1 கோடியே 39 லட்சத்து 90 ஆயிரம் டாலர். ஆனால் ஊருக்கே திரும்பிப் போய்விட்ட, குடியுரிமை இல்லாத ஒருவர் இங்கே உள்ள வீட்டைப் பிள்ளைக்கு அன்பளிப்பாக எழுதினால் அந்த ஆயுள்கால விலக்கு அவருக்குக் கிடையாது. அவர்கள் வரி ஆலோசகர் இல்லாமல் கையெழுத்துப் போடவே கூடாது.

இப்போது பிள்ளைக்கு எழுதுவது. "நமக்கு அப்புறம் அவனுக்குத்தானே, இப்பவே எழுதிடுவோம்" என்பது நம் ரத்தத்தில் ஊறிய பழக்கம். ஊரில் அது பெரிதாகக் கெடுக்காது, ஏனென்றால் இந்திய வருமான வரிச் சட்டத்தில் உயிரோடு இருக்கும்போது தானமாகக் கொடுத்தாலும், இறந்த பிறகு வாரிசாக வந்தாலும், பிள்ளை விற்கும்போது லாபத்தைக் கணக்கிடப் பெற்றவர் வாங்கிய விலைதான் அடக்க விலை. அமெரிக்காவில் அப்படி இல்லை. உயிரோடு இருக்கும்போது கொடுத்தால் நீங்கள் வாங்கிய பழைய விலையே பிள்ளைக்கும் அடக்க விலை. இறந்த பிறகு போனால் அன்றைய சந்தை மதிப்பு அடக்க விலை ஆகிவிடும்.

5 லட்சம் டாலருக்கு 2003-ல் வாங்கிய வீடு இன்று 16 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இப்போதே மகளுக்கு எழுதிக் கொடுத்து அவள் விற்றால் 11 லட்சம் லாபம், அதற்கு வரி. அதே வீடு பெற்றோருக்குப் பிறகு அவளுக்குப் போய், அவள் விற்றால், லாபம் கிட்டத்தட்ட பூஜ்யம். பெற்றோர் தாங்களே குடியிருந்த வீட்டை விற்றால் தம்பதிக்கு 5 லட்சம் டாலர் வரை லாபத்துக்கு வரி விலக்கு உண்டு, எழுதிக் கொடுத்துவிட்டால் அதுவும் போச்சு. ஒரு பக்கக் காகிதத்தால் ஒரு குடும்பம் லட்சக்கணக்கில் இழப்பதைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை.

சொத்து வரியும் உண்டு. கலிபோர்னியாவில் 1978-ல் வந்த ப்ரொபொசிஷன் 13 படி, வரிக்கான மதிப்பு வருஷத்துக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான் ஏறும். கணவன் மனைவிக்குள் மாறினால் இந்த மதிப்பு அப்படியே நிற்கும், சொந்த டிரஸ்ட்டுக்குப் போனாலும் நிற்கும். பிள்ளைக்குப் போனால், 2021 பிப்ரவரி 16 முதல் ப்ரொபொசிஷன் 19 வந்துவிட்டது: பெற்றோர் குடியிருந்த வீடாக இருக்க வேண்டும், பிள்ளையும் ஒரு வருஷத்துக்குள் அதையே தன் குடியிருப்பாக்கிக்கொள்ள வேண்டும், அப்போதும் சலுகைக்கு வரம்பு உண்டு. சியாட்டிலில் வேலை பார்க்கும் மகனுக்கு ஃப்ரீமான்ட் வீட்டை எழுதினால் சொத்து வரி இன்றைய மதிப்புக்கு எகிறும்.

இன்னொன்று, கம்யூனிட்டி பிராப்பர்ட்டியாக வைத்திருக்கும் வீட்டில் ஒருவர் இறந்தால் இருவர் பாதிக்கும் அடக்க விலை உயர்ந்துவிடும். அதை ஒருவருடைய தனிச்சொத்தாக மாற்றி எழுதினால் இந்தச் சலுகை கெட்டுப்போகலாம். அக்காவை மீண்டும் சேர்த்தபோது வக்கீல் "பிழைத்திருப்பவருக்கே உரிமை போகும் கம்யூனிட்டி பிராப்பர்ட்டி" என்ற முறையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது இதனால்தான்.

ஐந்தாவது படி: எழுதுவது

கவுன்டியின் சட்ட நூலகங்கள் பலவற்றின் தளங்களில் காலிப் படிவம் இலவசமாகக் கிடைக்கும், உங்கள் மாநிலத்துக்கு உரியதையே எடுங்கள். மேல் இடது பக்கம் யார் பதிவு கேட்கிறார், பதிவான பிறகு யாருக்கு அனுப்ப வேண்டும், சொத்து வரி ரசீது எந்த முகவரிக்கு என்று எழுத வேண்டும். மேல் வலது பக்கம் காலியாக விடுங்கள், அது ரெக்கார்டர் முத்திரைக்கு. பிறகு ஏ.பி.என். என்கிற பார்சல் எண், பெயர் மாற்று வரி பற்றிய உறுதிமொழி, எழுதிக் கொடுப்பவர் இருவர் பெயரும் திருமண நிலையும், எழுதி வாங்குபவர் பெயரும் அவர் எந்த முறையில் வைத்துக்கொள்ளப் போகிறார் என்பதும், சொத்து விவரம், தேதி, கையெழுத்து, கையெழுத்துக்குக் கீழே அச்செழுத்தில் பெயர்.

கலிபோர்னியாவில் மாற்று வரி ஆயிரம் டாலருக்கு 1.10 டாலர், சான் ஹோசே, ஓக்லண்ட் போன்ற நகரங்களில் நகர வரியும் சேரும். பணம் கைமாறாத அன்பளிப்புக்கும் டிரஸ்ட்டுக்கும் மாநில வரிச் சட்டத்தின் 11930 என்ற பிரிவில் விலக்கு, விவாகரத்துப் பங்கீட்டுக்கு 11927. பிரிவு எண்ணையும் காரணத்தையும் பத்திரத்திலேயே எழுத வேண்டும்.

இருவர் பெயரில் இருக்கும் வீட்டை மூன்றாவது ஒருவருக்குக் கொடுத்தால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மட்டும் போட்டால் குவிட்கிளெய்ம் அவர் பங்கை மட்டுமே கொண்டுபோகும், அல்லது செல்லாமலே போகும். எழுதி வாங்குபவர் கையெழுத்து பெரும்பாலான மாநிலங்களில் தேவையில்லை.

ஆறாவது படி: நோட்டரி

வெற்றிடத்தோடு கொண்டுபோகாதீர்கள், முன்கூட்டியே கையெழுத்தும் போடாதீர்கள். கலிபோர்னியாவில் ஒரு கையெழுத்துக்கு அதிகபட்சம் 15 டாலர், வீட்டுக்கு வந்தால் வழிச்செலவு தனி. பத்திரம் என்றால் அவருடைய பதிவேட்டில் வலது பெருவிரல் ரேகை கட்டாயம், அதைக் கேட்காத நோட்டரி சட்டப்படி செய்யவில்லை. முத்திரையைப் பாருங்கள்: எழுத்தின் மேல் ஏறாமல், மை கலங்காமல், நான்கு ஓரமும் தெரிய விழ வேண்டும். என் முதல் பத்திரத்தில் முத்திரையின் ஒரு மூலை அச்செழுத்தின் மேல் விழுந்திருந்தது, மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது, மறுபடி முதலிலிருந்து.

மனைவியோ கணவரோ சென்னையில் இருந்தால்? அங்கே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேரம் வாங்கி நோட்டரி செய்யலாம், ஒரு முத்திரைக்கு 50 டாலர். அல்லது உள்ளூர் நோட்டரியிடம் கையெழுத்திட்டு, மாநில அரசின் சான்றும் பிறகு இந்திய வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் என்கிற, வெளிநாட்டில் செல்லும் சான்றும் வாங்கலாம், இந்தியா 2005 முதல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது. வீடியோவில் செய்யும் நோட்டரியும் சில மாநிலங்களில் உண்டு, உங்கள் கவுன்டி ஏற்குமா என்று முதலில் கேளுங்கள். எதுவானாலும் மை பட்ட அசல் காகிதம் கூரியரில் இங்கே வந்தாக வேண்டும் என்று வைத்துக்கொண்டு நாள் கணக்குப் போடுங்கள். பவர் கொடுத்து இங்கே ஒருவர் கையெழுத்திட்டால் அந்தப் பவர் பத்திரத்தையும் கூடவே பதிவு செய்ய வேண்டும்.

ஏழாவது படி: பதிவு

பத்திரம் கையெழுத்தாகி, கொடுக்கப்பட்டு, ஏற்றுக்கொள்ளப்பட்டாலே இருவருக்குள் செல்லும். ஆனால் பதிவாகாத வரை வெளியுலகத்துக்கு அது தெரியாது, இடையில் வேறு பத்திரமோ கோர்ட் தீர்ப்பின் பிடிப்போ பதிவானால் சிக்கல். பீரோவில் வைக்காதீர்கள், அந்த வாரமே அனுப்புங்கள்.

சொத்து இருக்கும் கவுன்டியில்தான் பதிவு, நீங்கள் குடியிருக்கும் கவுன்டியில் இல்லை. கலிபோர்னியாவில் கூடவே உரிமை மாற்ற முன்னறிக்கைப் படிவம் வைக்க வேண்டும், இல்லையென்றால் 20 டாலர் கூடுதல். கணவன் மனைவிக்குள் மாறுகிறது, டிரஸ்ட்டுக்குப் போகிறது என்ற கட்டங்கள் அந்தப் படிவத்தில்தான் இருக்கின்றன, அதைச் சரியாக டிக் செய்வதுதான் உங்கள் சொத்து வரியைக் காப்பாற்றும். பதிவுக் கட்டணத்தோடு வீட்டுவசதி நிதி என்று 75 டாலர் சேரும், குடியிருக்கப் போகிறவருக்கே வீடு போகிறது என்றால் அதற்கு விலக்கு உண்டு, அந்தக் காரணத்தைப் பத்திரத்தின் முகப்பில் எழுத வேண்டும்.

மற்ற மாநிலங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டெக்சாஸில் டைட்டில் கம்பெனிகளுக்கு குவிட்கிளெய்ம் என்றாலே பிடிக்காது, வாங்கினால் பிற்பாடு விற்கும்போது தகராறு, அங்கே ஸ்பெஷல் வாரன்டி டீட் (எழுதிக் கொடுப்பவர் தான் வைத்திருந்த காலத்துக்கு மட்டும் உத்தரவாதம் தருவது) போடுங்கள், மாற்று வரி இல்லை. ஃப்ளோரிடாவில் நோட்டரியோடு இரண்டு சாட்சி வேண்டும், பெரும்பாலான கவுன்டிகளில் 100 டாலருக்கு 70 சென்ட் ஸ்டாம்ப் வரி, வீட்டில் பாக்கி இருக்கும் கடனையே விலையாகக் கணக்கிடுவதும் உண்டு என்பதால் "சும்மாதானே கொடுக்கிறேன்" என்று நினைக்காதீர்கள். ஜார்ஜியாவில் நோட்டரிக்கு மேல் ஒரு சாட்சியும் மாற்று வரிக்கான பி.டி.-61 படிவமும் வேண்டும். நியூ ஜெர்சியில் கணவன் மனைவிக்குள்ளும் பெற்றோர் பிள்ளைக்குள்ளும் மாற்றுக் கட்டணம் இல்லை, ஆனால் விலக்குக் கேட்கும் பிரமாணமும் வருமான வரிக்கான வசிப்பிடப் படிவமும் இல்லாமல் கிளார்க் பத்திரத்தை வாங்க மாட்டார்.

பதிவான பிறகு

அசல் பத்திரம் மேலே வலது பக்கம் எண்ணும் தேதியும் விழுந்து சில வாரத்தில் தபாலில் வரும். வந்ததும் பெயர், சொத்து விவரம், பார்சல் எண் மூன்றையும் ஒருமுறை படியுங்கள், தப்பு இருந்தால் திருத்தப் பத்திரம் போட அதுதான் நேரம். வீட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லிப் புது உரிமையாளரையோ டிரஸ்ட்டையோ சேர்க்கச் சொல்லுங்கள். வீடு ஒருவர் பெயரில், பாலிசி இன்னொருவர் பெயரில் இருந்தால் தீ விபத்து நாளில் பதில் சொல்ல ஆள் இருக்காது. வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கும் சொல்லுங்கள், குடியிருப்போர் சொத்து வரி விலக்கு இருந்தால் புதுப் பெயரில் மறுபடி விண்ணப்பியுங்கள்.

மனம் மாறினால் இந்தப் பத்திரத்தை ரத்து செய்ய முடியாது. எழுதி வாங்கியவர் திரும்ப எழுதிக் கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் கோர்ட்தான். கடன்காரர்களிடமிருந்து தப்ப எழுதிக் கொடுத்ததென்றால் கோர்ட் பல வருஷம் கழித்தும் அதைச் செல்லாது என்று சொல்லலாம்.

அக்காவின் புதுப் பத்திரம் அவர்கள் கல்யாண நாளுக்கு நான்கு நாள் முன்னால் வந்தது, கணவர்தான் தபால் பெட்டியிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தாராம். அடுத்த வாரமே அதே பெட்டியில், மேலே கழுகுப் படமும் கவுன்டி பெயரும் போட்ட இன்னொரு கடிதம்: உங்கள் பத்திரத்தின் சான்றிட்ட நகல் தயார், இந்தத் தேதிக்குள் 100 டாலருக்கு மேல் கட்டுங்கள் என்று. பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார். அது அரசாங்கக் கடிதம் இல்லை, பதிவேட்டைப் பார்த்துத் தனியார் ஆட்கள் அனுப்புவது, ஓரத்தில் பொடி எழுத்தில் அதையும் எழுதியிருப்பார்கள். உங்களுக்கும் வரும், கிழித்துப் போட்டுவிடுங்கள். சான்றிட்ட நகல் வேண்டுமானால் கவுன்டியிலேயே சில டாலருக்குக் கிடைக்கும்.